‘ப்ஷா’வுக்கு ஒரே ஒரு வரிதானா?

பழைய ஆங்கில நாவல்களில் யாராவது எரிச்சலில் ‘ப்ஷா’, ‘ஃபை’, ‘ஹம்பக்’ என்று சீறுவார்களே, அந்தச் சொற்களுக்காகவே இந்தச் சொற்பிறப்பு அகராதி ஆப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். ‘பால்டர்டாஷ்’ பதிவு அருமை. இன்று உளறல் என்று பொருள்படும் இது, 17ஆம் நூற்றாண்டில் பாலும் பீரும் போல ஒட்டாத பானக் கலவையைக் குறித்ததாம்; மூலம் மட்டும் இன்னும் புதிர். அதே உளறல் பொருள் தரும் ‘பாப்பிகாக்’ அதைவிட வேடிக்கை, நாகரிகமான திட்டு என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இளகிய மலத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம்! ‘அபத்தம்!’ என்று தள்ளிவிடும் ‘ஃபிடில்ஸ்டிக்ஸ்’ மூலத்தில் வெறும் வயலின் வில்தான், சரி. ‘ஃபை’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, நம் ‘சீ’ மாதிரி முகம் சுளிக்கும் ஒலி. ஆனால் ‘ப்ஷா’வுக்கு ஒரே வரி, உச்சரிப்பைக் கேட்கப் பொத்தான்கூட இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.