என் 1977ஆம் ஆண்டு வானின் கியர்பொக்ஸைத் திறந்து காட்டியவர்

ஜேர்மனியில் ஹாகன் நகரைத் தாண்டி வோல்மே ஆற்றோரமாகப் போகும் பாதையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கராஜ் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஜேர்மன்காரர் அங்கே தனியாக வேலை செய்கிறார். பழைய ஃபோக்ஸ்வாகன் வான்களின் கியர்பொக்ஸைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எஞ்சின் திருத்தச் சொன்னால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார். பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே வாசலில் வரிசையாகக் கிடக்கும் கியர்பெட்டிகளை முடித்துவிட்டு ஓய்வெடுப்பதுதான் அவருடைய ஆசை. அதனால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன், அவர் என்ன செய்தார் என்பதை எழுதினால், என்னைப் போலப் பழைய வான் வைத்திருக்கும் தம்பிமாருக்கு வேறொரு ஊரில் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிக்க உதவும்.

முதலில் வானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1977இல் ஹனோவர் தொழிற்சாலையில் செய்த டி2, அதாவது ஃபோக்ஸ்வாகனின் இரண்டாம் தலைமுறை வான், 2 லீட்டர் எஞ்சின், 70 குதிரைவலு, நாலு கியர். 1991இல் என்னோடு வேலை செய்த ஒருவரிடம் வாங்கினேன். பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடம் போனது அதில்தான். 2002இல் ஹாம் ஊன்ட்ரொப் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அக்கம்பக்கத்துச் சனத்தை இரண்டு தடவையாக ஏற்றிக்கொண்டு போனதும் அதில்தான். இப்போது அதற்கு எச் இலக்கத்தகடு இருக்கிறது. முப்பது வருடம் கடந்து, பழைய நிலை கெடாமல் இருக்கும் வாகனங்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். வருட வரி 191 யூரோ 73 சதம்.

நான் இருபத்தேழு வருடம் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ன செய்யும் என்று தெரியும். அப்படியிருந்தும் 2019இல் முதல் தடவை கியர்பொக்ஸ் பழுதானபோது, விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தேன். அந்தப் பிழை எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்போது இருந்த குறை ஒன்றுதான். இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கர்ரென்று அரைபடும். ஒரு கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். வான் எந்த ஆண்டு என்று மட்டும் கேட்டார்கள். ‘திருத்தி வைத்த பெட்டி தயாராக இருக்கிறது, 1,190 யூரோ, உங்கள் பழைய பெட்டியை அனுப்பிவிடுங்கள்’ என்றார்கள். மாற்றுப் பெட்டி முறை இங்கே வழமைதான். புதன்கிழமை சொன்னேன், அடுத்த திங்கள் பெட்டி வந்தது. வெளியே வெள்ளி நிறம் பூசி, பார்க்க வடிவாக இருந்தது. 1977இலிருந்து இந்த வானில் இருந்த சொந்தப் பெட்டியை ஒரு மரத்தட்டில் கட்டி அனுப்பிவிட்டேன்.

நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் புதிய பெட்டி ஊளையிடத் தொடங்கியது. முதலில் எண்பதுக்கு மேல் மட்டும் கேட்டது. பிறகு எல்லாக் கியரிலும், கால் கொடுத்தாலே கேட்டது. கம்பனிக்கு எழுதினேன். நான் பிழையான ஒயில் விட்டிருப்பதாகப் பதில் வந்தது. நான் விட்டது இந்தப் பெட்டிக்கு உரிய ஜீஎல்-4 தர ஒயில் என்று பற்றுச்சீட்டோடு அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. கொஞ்சநாளில் கொரோனாவும் வந்துவிட்டது, வான் பெரும்பாலும் நின்றது, நானும் விட்டுவிட்டேன்.

பிறகு 2021 டிசம்பரில் ஏ45 வீதியில் ராமெடே பாலத்தை மூடினார்கள். சீகனில் இருக்கும் மகளிடம் போவதென்றால் லூடன்ஷைட் ஊருக்குள்ளால் ஏறி இறங்க வேண்டும். லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, முதலாம் கியர், இரண்டாம் கியர், திரும்ப முதலாம் கியர். அந்த ஏற்றங்கள் பெட்டியின் மிச்ச உயிரையும் குடித்துவிட்டன. அடுத்த வருடம் இறக்கத்தில் காலை எடுத்தவுடன் நாலாம் கியர் தானாகக் கழன்று விழத் தொடங்கியது. நான் ஒரு கையால் கியர்த்தடியைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். மனைவி பக்கத்தில் இருந்து ஒன்றும் பேசாமல் வருவார். அந்த மௌனம் எனக்கு விளங்கும்.

‘அண்ணை, வித்துப்போட்டு ஒரு கரண்ட் கார் எடுங்கோ’ என்றான் என்னோடு வேலை செய்த தம்பி. இந்த வானை விற்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இந்தத் தடவை ஆளைப் பார்த்துத்தான் பெட்டியைக் கொடுப்பேன் என்று முடிவெடுத்தேன்.

மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலாவது இடம் முன்பு போலவே, கேள்வி இல்லாமல் விலை சொன்னது. இரண்டாவது பெரிய இடம். நேரில் போனேன், தரை கண்ணாடி போல மின்னியது. ஆனால் பெட்டி வேலையை இன்னோர் ஊருக்கு அனுப்பிச் செய்விப்பதாகச் சொன்னார்கள். யார் திறக்கிறார், யார் அளக்கிறார் என்று கேட்டேன். முன்மேசையில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் இந்த மனிதர். அவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ‘ஊளைச் சத்தம் கால் கொடுக்கும்போதா, எடுக்கும்போதா? வளைவில் மாறுகிறதா? நாலாம் கியர் கழலும்போது தடி மெதுவாக வருகிறதா, அடித்துக்கொண்டு வருகிறதா? கியர்த்தடியிலிருந்து பின்னால் போகும் ரொட்டின் புஷ்களை எப்போது மாற்றினீர்கள்?’

கடைசிக் கேள்வியில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. டி2 வானில் கியர்த்தடி முன்னால், பெட்டி பின்னால். நடுவில் வானின் அடியில் நீளமான ஒரு ரொட் ஓடுகிறது. அதைத் தாங்கும் புஷ்ஷும் பின்னால் இருக்கும் இணைப்பும் தேய்ந்துவிட்டால் கியர் முழுதாக விழாது, கழலும், அரைபடும். பெட்டியைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போனாலும் அதேதான். இவையெல்லாம் கொஞ்சக் காசில் தீரும் வேலைகள். பெட்டி திருத்திச் சம்பாதிக்கிற ஒருவர், பெட்டியைக் கழற்ற வேண்டாமே என்று முதலில் பார்க்கிறார் என்றால் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

‘முதலில் புஷ் மாற்றுங்கள். பிறகு ஒயிலை வெளியே எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் விட்டு, வெயிலில் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்’ என்றார்.

அன்று சனிக்கிழமை. வானின் அடியில் படுத்து, பதினேழு மில்லிமீட்டர் அறுகோணச் சாவியால் கீழ்த் தக்கையைத் திறந்தேன். மூன்றரை லீட்டர் ஒயில். தக்கையில் இருக்கும் காந்தத்தில் கறுப்புப் பசை போலத் தூள் அப்பியிருந்தது. விரலால் வழித்து எடுத்தபோது உள்ளே இரண்டு மூன்று செதில்கள், நகத்தில் பாதி அளவு, ஒரு பக்கம் பளபளப்பு. வெள்ளைத் தட்டில் விட்ட ஒயிலிலோ பொன்துகள் மிதந்தது. தட்டைச் சரித்தால் மஞ்சளாக மினுங்கி ஓடியது. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனாலும் அது அசையவில்லை. பித்தளை. கியர் மாற்றும்போது இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளையில் செய்தவை, அவை தேய்ந்தால் ஒயிலில் இப்படித்தான் தெரியும். காந்தத்தில் ஒட்டிய உருக்குச் செதில்கள் வேறு கதை. அவை பேரிங்கிலிருந்தோ பல்லிலிருந்தோ உரிந்தவை.

சொன்னேன். ‘அப்படியானால் கொண்டு வாருங்கள்’ என்றார்.

இந்த வானில் எஞ்சினை இறக்காமல் பெட்டி வெளியே வராது. நானும் தம்பியும் ஒரு முழு நாள் வேலை செய்து இறக்கினோம். அந்த வேலையை அவர் செய்வதில்லை. அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியைத் திறக்கும் நாளில் வரச் சொன்னார். ‘உங்கள் பொருளை நீங்கள் பார்க்காமல் நான் திறக்கமாட்டேன்’ என்றார். மேசையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி, கழற்றிய வரிசையிலேயே வைத்தார். பினியன் என்ற சிறிய பற்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கின் உள்வளையத்தை என் கையில் தந்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த இடத்தில் நகம் குழி குழியாகத் தடக்கியது.

பிறகு விளக்கைக் கிட்ட இழுத்து, பினியனோடு பல் பொருந்தி ஓடும் பெரிய பற்சக்கரமான கிரவுண் வீலின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அடுத்தது பினியனின் முனையில் இருந்த எண். இரண்டும் வேறு வேறு.

அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இந்தப் பெட்டியில் பினியனுக்கு 7 பல், கிரவுண் வீலுக்கு 32 பல். இரண்டையும் தொழிற்சாலையில் சோடியாக ஒன்றோடொன்று ஓடவிட்டு, ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். ஒன்றை ஒரு பெட்டியிலும் மற்றதை வேறு பெட்டியிலும் எடுத்துப் போட்டால் பல்லோடு பல் பொருந்தாது, ஊளையிடும், கொஞ்சக் காலத்தில் உரியத் தொடங்கும். எனக்கு விற்றவர்கள் இரண்டு செத்த பெட்டிகளிலிருந்து ஒன்றைக் கட்டி, மேலே வெள்ளி பூசி அனுப்பியிருக்கிறார்கள். நான் விட்ட ஒயிலில் பிழை இருக்கவில்லை.

அவரிடம் ஒரே எண் பொறித்த பழைய சோடி ஒன்று இருந்தது. அதே 4.57 விகிதம். அடுத்த தலைமுறை டி3 வானிலும் இதே குடும்பத்துப் பெட்டியைப் போட்டதால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன என்றார். நாலு சிங்க்ரோ வளையங்களும் புதிது, எல்லாப் பேரிங்குகளும் புதிது. மூன்றாம், நாலாம் கியருக்கு நடுவில் ஓடும் சறுக்கு வளையத்தின் பற்கள் முனை மழுங்கி உருண்டிருந்தன. நாலாம் கியர் கழன்றதற்கு அதுதான் காரணம். அதையும் மாற்றினார். சிங்க்ரோ வளையத்துக்கும் கியருக்கும் நடுவில் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே இடைவெளி போனால் அந்த வளையம் முடிந்தது என்பது கணக்கு. பழைய இரண்டாம் கியர் வளையத்தில் அந்த அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார், நுழையவே இல்லை.

பூட்டும் நாளிலும் போனேன். அன்று பார்த்ததை நான் இனி எங்கும் பார்ப்பேனா தெரியாது. கிரவுண் வீலின் சில பற்களில் சிறு தூரிகையால் மஞ்சள் பசையைப் பூசி, கையால் பினியனை மெதுவாகச் சுற்றினார். பசை நசிந்து விலகிய இடத்தில் பல்லின் பளபளப்புத் தெரிந்தது. அந்தத் தடம் பல்லின் வெளிப்பக்கம் ஒதுங்கி இருந்தது. தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, பினியன் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மெல்லிய சிம் தகட்டை எடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, இன்னொன்றைப் போட்டார். திரும்பப் பூட்டினார், பூசினார், சுற்றினார். இன்னும் சரியில்லை. மூன்றாம் தடவைதான் தடம் பல்லின் நடுவில், நெல்மணி வடிவத்தில் வந்தது. பிறகு டயல் கேஜைப் பல்லில் நிறுத்திப் பின்னாட்டத்தை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் தளர்வை, மில்லிமீட்டரில் காட்டினார். முள் 0.20இல் நின்றது. ‘இப்போது சத்தம் போடாது’ என்றார். மூன்று மணிநேரம் போயிருந்தது. நான் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எழும்ப மனம் வரவில்லை.

அவருடைய குறைகளையும் சொல்ல வேண்டும். பதினொரு கிழமை காத்திருந்தேன். கோடை முழுவதும் வான் எஞ்சின் இல்லாமல் முற்றத்தில் நின்றது. தொலைபேசியை மத்தியானத்தில் மட்டும்தான் எடுப்பார். மின்னஞ்சல் இல்லை. வங்கிக் காட் வாங்கமாட்டார். வரியோடு சேர்த்து 2,340 யூரோ, முதல் பெட்டிக்குக் கொடுத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவசரமாக வான் வேண்டும் என்பவருக்கு இவர் சரிவரமாட்டார்.

ஆனால் பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக இருக்கிறது. மாற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டுத் தந்தார். இரண்டு வருட உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறது. தன் கையெழுத்தில் அளவுகளை எழுதிய ஒரு தாளும் தந்தார். ஒயில் பற்றி ஒரே ஒரு வரி: ‘ஜீஎல்-4 மட்டும்.’ ஜீஎல்-5இல் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளைக்கு ஆகாது, வழுக்கலும் அதிகம் என்பதால் வளையம் பிடிக்காது.

ஆகவே தம்பிமார், உங்கள் பெட்டியையே திருத்தித் தரச் சொல்லுங்கள், மாற்றுப் பெட்டிக்குச் சம்மதிக்காதீர்கள். திறக்கும்போது பக்கத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள். பினியன் ஆழத்தை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் மலர்கிறவரிடம் கொடுங்கள்.

நான் அனுப்பிவிட்ட அந்தச் சொந்தப் பெட்டி எங்கே, எந்த வானில் ஓடுகிறதோ தெரியாது. அதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒயிலை மாற்றச் சொல்லியிருந்தார். மகளிடம் போய் வந்து, ஹாமில் தேர்த் திருவிழாவுக்கும் போய் வந்ததும் கணக்குச் சரியாக இருந்தது. அதே வெள்ளைத் தட்டை எடுத்துக்கொண்டு வானின் அடியில் படுத்தேன். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு, துணியால் துடைத்ததும் போய்விட்டது. தட்டில் ஒயில் தேன் நிறத்தில் இருந்தது. வெயிலில் சரித்துப் பார்த்தேன், ஒன்றும் மினுங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, ‘அப்ப இந்த முறை சீகனுக்குப் போகேக்க நான் நித்திரை கொள்ளலாம்’ என்றார்.