அப்பாவுக்காகக் கோவையில் வாடகை வீடு தேடிய மூன்று வாரம்

"ஆசுபத்திரி பக்கத்துல இருக்கோணும், நம்மூருக்கு ஒரே பஸ்ஸுல போகோணும். இந்த ரெண்டும் போதும் அம்மிணி" என்று அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்து இரவெல்லாம் ஆப்பில் தேடி, கோவையில் 14 வீடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு மார்கழி பிறந்ததும் வந்து இறங்கினேன். அந்தப் 14-இல் ஒன்றுகூட எங்கள் வீடாகவில்லை.

எங்கள் ஊர் தாராபுரம் ரோட்டில் குண்டடத்தை ஒட்டிய கிராமம். அப்பாவுக்கு ஆடி மாதத்திலிருந்து டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காலை ஆறு மணிக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்றால் மூன்றரைக்கு எழுந்து, 60 கிலோமீட்டருக்கு மேல் காரில் வர வேண்டும். முடித்துத் திரும்பும்போது பின்சீட்டில் துவண்டு கிடப்பார். கொறங்காட்டையும் (மேய்ச்சல் நிலம்) ஆடுகளையும் விட்டு வரமாட்டேன் என்று அதுவரை பிடிவாதமாக இருந்த மனிதர், ஐப்பசியில் ஒருநாள் அவராகவே "கோயமுத்தூர்ல ஊடு பாரு" என்றார். அதைக் கேட்டு அம்மா அழுதாள்.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கார் அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஏறியது. 2025 அக்டோபரில் திறந்த பாலம், கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். ஹோப் காலேஜ், லட்சுமி மில்ஸ் என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று பழகிய எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இனி கோவையில் எதுவும் தூரமில்லை, எங்கே வீடு பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அந்த எண்ணத்தில் முதல் வாரம் முழுக்க வீணானது.

முதலில் சரவணம்பட்டி. ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு சத்தி ரோட்டின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நான் பார்த்தது ஒன்பதாவது மாடி. இரண்டு லிஃப்ட், ஜெனரேட்டர், கீழே நடைபாதை, காவலாளி. சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார், சாவி புரோக்கரிடம். வாடகை 22,000. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சரி, ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம் என, டயாலிசிஸ் முடியும் பத்தரை மணிக்கு திருச்சி ரோட்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். காந்திபுரத்தில் கொஞ்ச நேரம், கணபதியில் ரொம்ப நேரம். வந்து சேர 55 நிமிஷம். ஊரிலிருந்து வரும் அலைச்சலில் பாதியை மறுபடியும் அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அந்த நேரத்தில் அந்த வழியில் போய்ப் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். புரோக்கர் வீடு காட்டுவது எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான், அப்போது ரோடு காலியாக இருக்கும்.

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர்தான் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். புரோக்கர் இதைச் சொல்லவே இல்லை, ஆடிட்டரான என் தோழிதான் சொன்னாள். எழுபது வயது அப்பா மாதாமாதம் இந்தக் கணக்கைப் பார்க்க முடியுமா?

தண்ணீர் விஷயத்தை அம்மாவிடமிருந்துதான் கற்றேன். கோவையில் எந்த வீட்டுக்குப் போனாலும் "சிறுவாணித் தண்ணிங்க" என்பார்கள். அணை கேரள எல்லைக்குள் இருந்தாலும் அந்தத் தண்ணீரின் ருசியில் இந்த ஊருக்கு அத்தனை பெருமை. ஆனால் நகரம் முழுவதற்கும் சிறுவாணி வருவதில்லை. பவானி ஆற்றின் பில்லூர் தண்ணீர் கிழக்கிலும் வடக்கிலும் வருகிறது, குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் ஆழியாறு. அதோடு, நல்ல தண்ணீர் வரும் வீட்டிலும் குளிக்க, துவைக்க போர் தண்ணீர்தான். அந்த உப்பின் அளவு தெருவுக்குத் தெரு மாறும்.

விளாங்குறிச்சியில் ஒரு வீட்டில் உரிமையாளர் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா சத்தமில்லாமல் குளியலறைக்குள் போனாள். ஷவரின் துளைகளில் பாதி வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. குழாயின் கழுத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் படிவு. அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சோப்புத் துண்டை எடுத்து, கையை நனைத்துத் தேய்த்தாள். நுரையே வரவில்லை, கையில் பிசுபிசுவென்று தயிர்த் திரிபோல ஒட்டியது. "இந்தத் தண்ணில பருப்பு வேகாது கண்ணு" என்று என் காதில் சொன்னாள். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தச் சோப்புத் துண்டு எங்களோடு வந்தது. பக்கத்து வீட்டில் "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்பதும் வழக்கமானது. சொந்தக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், பக்கத்து வீட்டம்மா வேறு கணக்குச் சொல்வார். குடமும் கையுமாக நிற்பவர் பக்கத்து வீட்டம்மாதான் என்பதால் அவர் கணக்கையே எடுத்துக்கொண்டோம்.

வடவள்ளியை வேண்டாம் என்று சொல்ல மனசே வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் மருதமலை, பொழுதோட குளிர்ந்த காத்து, சோப்பு பொங்கிப் பொங்கி நுரைத்தது. கீழ் வீட்டுக்காரர், மலையடிவாரத்தில் சில நாள் யானை வரும், அதிகாலையில் தனியாக நடக்க வேண்டாம் என்று அக்கறையாகச் சொன்னார். அம்மா அங்கேயே குடிவந்துவிட்டதுபோல், துளசிச் செடி வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வடவள்ளி நகரின் மேற்கு ஓரம். எங்கள் ஊர் பஸ் நிற்பது கிழக்கே சிங்காநல்லூரில். ஊருக்குப் போக அப்பா நகரம் முழுவதையும் கடந்து இரண்டு பஸ் மாற வேண்டும். உடம்புக்கு ஆகாத நாளில் போகாமலேயே இருந்துவிடுவார். போகாமல் இருந்தால் அவருக்கு வேறு வியாதி வந்துவிடும்.

ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி பக்கம் ஒரே நாளில் பார்த்து முடித்தோம். எங்கள் பணத்துக்குக் கிடைத்தவை லிஃப்ட் இல்லாத பழைய மாடி வீடுகள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீட்டில் காபி கொடுத்து உட்கார வைத்து, "நீங்க என்ன ஆளுங்க, எந்தக் கூட்டமுங்க?" என்று சாதியையும் குலத்தையும் கேட்டார்கள். அம்மா டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பதில் சொல்லியிருந்தால் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்திருக்கலாம். வேறு பதில் சொல்பவருக்குக் கிடைக்காது. அந்த வீட்டில் அப்பாவைக் குடிவைக்க எனக்கு இஷ்டமில்லை.

மூன்றாவது வாரம் ஆப்பை மூடிவிட்டு, திருச்சி ரோட்டில் ராமநாதபுரம் சந்துகளில் நானும் அம்மாவும் நடக்க ஆரம்பித்தோம். இரண்டாம் நாள், ஒரு கேட்டில் அட்டையில் கையால் எழுதிக் கட்டியிருந்தார்கள்: 'வீடு வாடகைக்கு, கீழ்த்தளம்'. உள்ளே முற்றத்தில் ஓர் அம்மா அரிசி மாவு வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "எந்தூருங்க?" என்றார். குண்டடம் என்றதும், "எங்கூட்டுக்காரரு பல்லடமுங்க, உள்ள வாங்க" என்றார். படி இல்லை. குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி போட்டுக்கொள்ளலாம் என்றார். சோப்பு ஓரளவு நுரைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் எட்டு நிமிஷம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ், அம்மாவுக்கு அதில் இலவசம். அங்கிருந்து தாராபுரம் பஸ் ஏறினால் சூலூர், பல்லடம், அப்புறம் குண்டடம். அப்பா சொன்னதில் ஒரு பஸ் கூடிவிட்டது, ஆனால் அது எந்நேரமும் வரும் பஸ். கூட்டிப் போய்க் காட்டியபோது அவர் வீட்டைப் பார்க்கவில்லை. ரோட்டு முனை வரை நடந்து போய் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து "சரி" என்றார்.

வாடகை 17,000. அட்வான்ஸாக பத்து மாதம் கேட்டார்கள், பழைய வழக்கம். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தமும் அரசின் இணையதளத்தில் பதிவும் கட்டாயம். இதை நான் சண்டைக்கு நிற்பதுபோல் சொல்லவில்லை, போனில் எடுத்துப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாவின் மகன் நிதானமாகக் கேட்டுவிட்டு நான்கு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். பதிவு எண் வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். வருஷத்துக்கு எவ்வளவு வாடகை ஏற்றலாம், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, எல்லாம் தாளில் இருக்கிறது. கரண்டு மீட்டர் தனியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தனி மீட்டர் இருந்தால்தான் அரசு தரும் இலவச யூனிட் குடியிருப்பவருக்கு நேராக வரும்.

தை பிறந்த இரண்டாவது நாள் பால் காய்ச்சினோம். அன்று மாலை புலியகுளம் முந்தி விநாயகர் கோயிலுக்குப் போய் வந்தோம், அப்பா மெதுவாக நடந்தே வந்தார். நான் சிங்கப்பூர் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையே விடியக்காலை பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அம்மா போன் செய்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கொறங்காட்டில் கிளுவை வேலி ஓரிடத்தில் சாய்ந்திருந்ததாம், அப்பா ஆளை வைத்துக் கட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் ராமநாதபுரம் வந்து சேர்ந்துவிட்டாராம்.