டர்போ மைவியில் மிஸ்ஸிங்கா (சிலிண்டர் எரியாமல் இன்ஜின் வெட்டுகிறதா)? காயிலுக்குக் காசு கொடுக்கும் முன் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டர்போ ஏற்றிய பெரோடுவா மைவி, காஞ்சில் காடி (கார்) வைத்திருக்கும் தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இங்கே ஒரு பட்டறை (விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை) என்னிடம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு காடியை முன்பு இருந்ததைவிட மோசமாக்கிக் கொடுத்தது. அதற்கு மேல், "இன்ஜின் போச்சு தம்பி, வேற ஹாஃப்கட் இறக்கணும், 2,800 வெள்ளி ஆகும்" என்று விலையும் சொன்னது. (ஹாஃப்கட் என்றால் ஜப்பானில் பழைய காரை வெட்டி எடுத்து, இன்ஜினோடு வரும் முன்பாதி.) இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு அவர்கள் கையால் மாட்டிய நான்கு பிளக்கில்தான் இருந்தது. (பிளக் என்றால் சிலிண்டருக்குள் பொறி அடித்துப் பெட்ரோலை எரிய வைக்கும் பாகம்.)

காடி பழைய மாடல் மைவி 1.3. உள்ளே இருப்பது டைஹட்சு ஒய்ஆர்வி டர்போவிலிருந்து எடுத்த கே3-விஇடி என்ற டர்போ இன்ஜின். மைவியின் சொந்த கே3-விஇ இன்ஜினுக்கு அண்ணன் முறை என்பதால் நம் நாட்டில் பலரும் செய்கிற மாற்றம்தான் இது. கம்பெனிக் கணக்கில் 140 குதிரைசக்தி, மைவிக்கு இருந்ததோ 90க்கும் குறைவு. புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) பரிசோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு எல்லாம் முறையாக முடிந்த காடி. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

சாதாரண சர்வீசுக்குத்தான் விட்டேன். பிளக் தேய்ந்திருக்கிறது, இரிடியம் முனை வைத்த பிளக் போட்டுவிடலாம் என்றார்கள். ஒன்று 45 என்று நான்குக்கு 180 வெள்ளி, சரி என்றேன். ஊருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை, ஐடிலிங் (காடி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுவது) கூட அமைதியாகத்தான் இருந்தது. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது, நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு முந்தைய ஏற்றத்தில் மிதித்தேன் பாருங்கள், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் பட்பட்டென்று வெட்டி இழுவையே நின்றுபோனது. காலை எடுத்தால் சரியாகிறது, மிதித்தால் திரும்பவும் அதே கதை. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறான், பக்கத்தில் அம்மா முருகா முருகா என்கிறார்.

திரும்ப அதே பட்டறை. ஸ்கேனரில் காயில் (பிளக்குக்கு வோல்ட் ஏற்றிக் கொடுக்கும் பாகம்) கோளாறு என்று காட்டுகிறது என்றார் முதலாளி, திரையை மட்டும் எனக்குக் காட்டவில்லை. ஜப்பான் ஹாஃப்கட்டோடு வரும் ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எல்லா ஸ்கேனரோடும் பேசாது என்பது இந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். நான்கு காயில் 640, இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் பாகம்) சுத்தம் 120, கூலி 150. பழைய காயிலைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார்கள். காடி மட்டும் அப்படியே வெட்டியது. அப்போதுதான் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லை, இன்ஜின் போச்சு என்ற கதை ஆரம்பமானது. கம்ப்ரஷன் கேஜை ஒருமுறைகூட மாட்டாமல் அதை எப்படிக் கண்டுபிடித்தார்களோ!

அக்கா வீட்டுப் பக்கம் ஒரு மலாய்க்கார போமன் (மெக்கானிக்) இருக்கிறார், அவரும் இதே இன்ஜின் போட்ட மைவிதான் ஓட்டுகிறார். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "பூஸ்டில் மட்டுமா, ஐடிலிங்கிலுமா?" என்று கேட்டார். பூஸ்டில் மட்டும் என்றேன். காயிலை உருவி, பிளக்கைக் கழற்றி, பொறி குதிக்கும் இடைவெளியில் கம்பி கேஜை நுழைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். 1.1 மில்லிமீட்டர். "இது என்ஏ (டர்போ இல்லாத) காடிக்கு உள்ள கேப் (இடைவெளி), பாங் (அண்ணே)" என்றார். இன்னொன்று 1.0, மற்ற இரண்டும் 1.1ஐயும் தாண்டியிருந்தன. கையோடு கம்ப்ரஷனும் பார்த்தார், நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு.

டர்போ இல்லாத காடிக்கு 1.0, 1.1 எல்லாம் சகஜம். டர்போவில் சிலிண்டருக்குள் காற்று நெருக்கி அடைக்கப்படுகிறது, அந்த அடர்ந்த காற்றைத் தாண்டி அதே தூரம் பொறி குதிக்க அதிக வோல்ட் வேண்டும். காயிலால் கொடுக்க முடிந்ததற்கு ஓர் உச்சம் உண்டு. அதை மீறினால் பொறி விழாது, இல்லாவிட்டால் பிளக்கின் பீங்கான் வெளிப்பக்கமாக வழிந்து இறங்கி அங்கே கறுப்புக் கோடு போட்டுவிடும். அதனால்தான் சும்மா நிற்கும்போது நன்றாக இருக்கிற காடி ஏற்றத்தில் வெட்டுகிறது. டர்போவுக்குப் பொதுவாக 0.7, 0.8 வைப்பார்கள், பூஸ்ட் நிறைய ஏற்றியவர்கள் 0.6 வரை இறக்குவார்கள். ரொம்பக் குறைத்தாலும் வம்புதான், பொறி சின்னதாகி ஐடிலிங் ஆட ஆரம்பிக்கும். பெட்டியில் வரும் இடைவெளி உங்கள் இன்ஜினுக்காக வைத்ததல்ல, அளக்காமல் மாட்டுகிறவரை போமன் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, பிளக்கே போலி. டென்சோ இரிடியம் பவரின் நடு முனை 0.4 மில்லிமீட்டர், என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ் 0.6. என் காடியில் இருந்ததன் முனை பென்சில் ஊசி மாதிரி தடிமன், எழுத்து விரலால் தேய்த்ததும் மங்கியது, மேலே வளைந்த கம்பி நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. 45 வெள்ளி!

காயில் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஹாஃப்கட் இறக்கிய சமயத்தில் நண்பன் ஒருவன் எந்தக் காயில் எந்தச் சிலிண்டருக்கு என்று வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு புள்ளி வைத்திருந்தான். "புதுக் காயில்" இரண்டில் அந்தப் புள்ளிகள் தின்னர் போட்டுத் துடைத்தும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. என் காயிலையே துடைத்து எனக்கே விற்றிருக்கிறார்கள். மற்ற இரண்டும் யாருடைய காடியிலிருந்து கழற்றியதோ, ஒன்றில் கிளிப் உடைந்திருந்தது.

அசல் பிளக், ஒரு படி குளிர்ந்தது, 0.7 கேப். பிளக்கும் கூலியும் சேர்த்து 260 வெள்ளி. மறுநாளே அதே மெனோரா ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தேன், ஒரு வெட்டுகூட இல்லை. (குளிர்ந்த பிளக் என்றால் சூட்டை வேகமாக இறக்கிவிடும் பிளக். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூடக் குளிர்ச்சி. பாஷ் நேர்மாறு, அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.)

இதே மாதிரி வெட்டினால், காசு கொடுக்கும் முன் நீங்களே பார்க்க முடிந்தது நிறைய இருக்கிறது. ஒரே சிலிண்டர் மிஸ் ஆகிறது என்றால் அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி மாட்டுங்கள். மிஸ்ஸிங் கூடவே நகர்ந்தால் காயில். நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். ஸ்கேனர் பேசுகிற காடியில் பிழைக் குறியீடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 வரை அப்படியே, பி0300 என்றால் ஒரு சிலிண்டரைக் குறிப்பிடாத மிஸ்ஸிங். ஐடிலிங்கில் மட்டும் ஆடினால் கேப்பைவிட வெக்யூம் கசிவைத் (இன்ஜினுக்குள் வேண்டாத காற்று நுழைவது) தேடுங்கள். பிளக் ஈரமாக வந்தால் அது எரியவே இல்லை, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெந்திருந்தால் குறைவு அல்லது சூடு அதிகம். இரிடியம் முனையைச் சாவியால் நெம்பாதீர்கள், உடைந்துவிடும், மேல் கம்பியை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும். வெட்டிக்கொண்டே நாள்கணக்கில் ஓட்டவும் வேண்டாம், எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்ட்டுக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய் எரிந்து அதையும் சேர்த்துக் கெடுக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது முதலாளி சொன்ன பதில்தான் உச்சம். "மாடிஃபை பண்ண காடிக்கு வாரண்டி கிடையாது. ரொம்பப் பேசினா ஜேபிஜேக்குப் போன் போடுவேன்." இவர்கள் பிழைப்பே இந்த மிரட்டலில்தான் ஓடுகிறது. பதிவு இல்லாமல் இன்ஜின் மாற்றியவன் வாயைத் திறக்க மாட்டான் என்று தெரிந்துதான் எல்லாப் பழியையும் மாற்றத்தின் மேல் போடுகிறார்கள். நான் கிராண்டை (காடியின் பதிவுப் பத்திரம்) எடுத்து மேசையில் வைத்ததும் குரல் இறங்கியது, பணம் மட்டும் வரவில்லை.

அதனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் மன்றம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கான மனுப் படிவம், பாரம் 1ஐ நிரப்பிவிட்டேன். ரசீதில் "சர்வீஸ்" என்று ஒரே வரியாக எழுத முயன்றார்கள், நான் விடாமல் பிளக், காயில், இன்ஜெக்டர், கூலி என்று தனித்தனியாக எழுத வைத்திருந்தேன், அது இப்போது உதவுகிறது. போலிப் பிளக் நான்கும், புள்ளி வைத்த இரண்டு காயிலும், கேஜ் நுழைத்து எடுத்த படங்களும் என்னிடம் இருக்கின்றன. இந்தப் பக்கம் பட்டறையில் காயில் மாற்றியவர்கள் உங்கள் காயிலையும் ஒருமுறை உருவிப் பாருங்கள், என் காடியில் மாட்டிய அந்தக் கிளிப் உடைந்த காயில் உங்களுடையதாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் ரசீதோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.