கேமராவுக்கு ஒரே 128 ஜிபி எஸ்டி கார்டா, ரெண்டு 64 ஜிபியா?

கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கப் போறவங்களுக்கு ரெண்டு 64 தான், என் ஓட்டு அதுக்கே. 128 ஒண்ணுல போட்டா தாலி கட்டுற நேரத்துல கார்டு ஃபுல்னு காட்டாது, மாத்துற தொல்லை இல்ல, அதெல்லாம் சரிதான், ஆனா அது ஒண்ணு செத்துச்சுன்னா முகூர்த்தம் ரிசப்ஷன் எல்லாமே போச்சு. எனக்கு ஒருதடவ கார்டு எர்ரர் வந்துச்சு, நல்லவேளை பாதி படம் இன்னொரு கார்டுல இருந்துச்சு. நெறஞ்ச கார்டோட ஓரத்துல இருக்குற குட்டி லாக்கைக் கீழ தள்ளி டப்பாவுல போட்டுடுங்க, தெரியாத்தனமா அழியாது.

4கே வீடியோன்னா மட்டும் 128, ஏன்னா 100 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி) எடுத்தா ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி தின்னுடும். எதுவானாலும் வி30 போட்டதா வாங்குங்க, செகண்டுக்கு 30 எம்பிக்குக் குறையாம எழுதும். படத்தை காப்பி பண்ணிட்டு ஃபார்மேட்டை கேமராவுலயே போடுங்க, கம்ப்யூட்டர்ல வேணாம்.