ஈரம் உறிஞ்சும் டப்பா: பீரோவுக்குச் சரி, சுவருக்கு இல்லை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பீரோவைத் திறக்கவே பயமாக இருக்கும். அதற்காகத்தான் ஆன்லைனில் இந்த ஈரம் உறிஞ்சும் டப்பாவை வாங்கினேன். மூன்று டப்பா, 400 ரூபாய் சொச்சம். மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்தாயிற்று.

டப்பாவின் மேல்தட்டில் கால்சியம் குளோரைடு என்ற உப்பின் உருண்டைகள் இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, தானும் கரைந்து, கீழே தண்ணீராகச் சொட்டும். மூடிய பீரோவுக்குள் நன்றாகவே வேலை செய்தது. பட்டுப்புடவைத் தட்டில் வைத்த டப்பா கார்த்திகைக்குள் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. மடிப்புகளில் வழக்கமாக வரும் வெள்ளைப் புள்ளி இந்த வருடம் இல்லை, அந்தப் புழுங்கல் வாடையும் இல்லை.

திறந்த அறையில் வைத்தால் வீண். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். டப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும்போது கைப்பிடி உப்பு என்ன செய்யும்?

ஆனால் விளம்பரத்தில் 'சுவர்ப் பூஞ்சைக்கு நிரந்தரத் தீர்வு' என்று போட்டிருக்கிறார்கள். அதுதான் எரிச்சல். எங்கள் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால், மேல் மூலையில் இருந்து கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. ஹவுஸ் ஓனரிடம் சொன்னால், "ஜன்னலைத் திறந்து வைங்கம்மா. ஈரத்துணியை உள்ளே காயப்போட்டா வரத்தான் செய்யும். ஏதோ டப்பா விக்கிறாங்களே, அதை வாங்கி வைங்க" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. உள்ளே துணி காயப்போடுவது, குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் விடுவது, பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பது எல்லாம் குடியிருப்பவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஈரம் அறையிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் சுவரே ஊறுகிறது. எங்கள் வீட்டில் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது, உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தால், நேர் மேலே தட்டோடுகளின் இடுக்கில் பூச்சு விட்டுப் போயிருந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் வேப்பிலை அடைத்து, தண்ணீர் குளம் கட்டி நின்றது. எத்தனை டப்பா வைத்தால் என்ன?

தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019-ல் அமலுக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. பூஞ்சைக்கென்று தனி வரி இல்லை. ஆனால் கட்டட அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச் மாதிரியானவை நம் பக்கம். ஓட்டை மாடி எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். உரிமையாளர் மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. நிஜத்தில் அப்படிக் கழித்தால் 'காலி பண்ணுங்க' என்ற பதில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் சட்டம் பேசாமல் தாள், தட்டோடு இரண்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தேதியோடு பதிவாகிவிடும், அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது உதவும். படம் போன பிறகுதான் ஓனர் சார் மாடி ஏறினார். கொத்தனார் வந்து இடுக்குகளைப் பூசினார். சுவர் காயத் தை மாதம் ஆனது. அதற்கு முன்னால் பெயின்ட் அடிக்கலாம் என்றவரைத் தடுத்துவிட்டேன், ஈரச்சுவரில் அடித்தால் கொப்புளம் வைத்து உரியும்.

டப்பாவுக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். ஒன்றை விளம்பரத்துக்காகக் குறைத்தேன், இன்னொன்றை மூடிக்காக. மூடி சரியாகப் பொருந்துவதில்லை. சாய்ந்தால் அந்த உப்புத்தண்ணீர் வழிந்து பீரோ இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், தோலிலும் எரியும். ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். அடுத்த முறை ஹேங்கரில் தொங்கவிடும் பை வகையைத்தான் வாங்கப்போகிறேன்.