வெங்காயத்தை அரித்தெடுத்துவிட்டு ‘சமண உணவு’ என்று சீட்டு ஒட்டியவர்கள்

வீட்டு விசேஷத்துக்குச் சமையல் காண்ட்ராக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் ‘இது ஆகாது, அது ஒவ்வாது’ என்று நாலு விருந்தினராவது உள்ள வீட்டார், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்து அவர்களை ஒதுக்கினாலும் அதே வேலையைச் செய்கிற இன்னொருவரிடம்தான் மாட்டுவீர்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

தை மாதம் என் தம்பிக்குப் பதிவுத் திருமணம். மண்டபம், மேளம், சீர்வரிசை எதுவும் வேண்டாம் என்று மாப்பிள்ளையும் பெண்ணும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். காலையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, மாலையில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் விருந்து. 180 பேர், பிளாஸ்டிக் நாற்காலி, பாக்குமட்டைத் தட்டு. ஒரு மூலையில் சுடச்சுட தோசை, இன்னொரு மூலையில் இடியாப்பம், நடுவில் அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மேசை. எளிமையான விருந்துதான். ஆனால் வருகிறவர்களின் வயிறு எளிமையாக இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

பெண் வீட்டார் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். அந்த வட்டாரத்திலும் செஞ்சி, திண்டிவனம் பக்கமும் நூற்றாண்டுகளாக இருக்கிறவர்கள்; மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதில்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என மண்ணுக்குள் விளைகிற எதையும் தொடுவதில்லை. இஞ்சி கிடையாது, சுக்கு பரவாயில்லை. தேனும் கூடாது. இப்படிச் சாப்பிடுகிறவர்கள் 35 பேர் என்று சம்பந்தி வீட்டிலிருந்து பட்டியலே வந்துவிட்டது. இதுபோக, என் அக்காவின் ஏழு வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. தம்பியோடு புனேயில் வேலை பார்க்கும் நண்பருக்கு சீலியாக் நோய். கோதுமை, ரவை, மைதா என்று குளூட்டன் உள்ள எதுவும் அவர் குடலுக்கு ஆகாது.

இவை எல்லாவற்றையும் காண்ட்ராக்டரிடம் நேரில் சொன்னேன். பளபளப்பான மெனு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “கவலையே படாதீர்கள் சார், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். சமண உணவுக்குத் தட்டுக்கு 150 ரூபாய் கூடுதல் என்றார். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி ஆள் என்பதால் அந்த விலையாம். ஒப்புக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவருக்கும் என்ன கூடாது என்பதை வாட்ஸ்அப்பில் விரிவாக எழுதி அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கட்டைவிரல்தான் இன்று என்னிடம் இருக்கும் முக்கியமான சாட்சி.

உணவு மாலை நாலரைக்கு மேசையில் இருக்க வேண்டும் என்பது பேச்சு. தை மாதத்தில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கிவிடும். அதற்குள் பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். வண்டி வந்தபோது மணி ஐந்தேகால். தனி அடுப்பு இல்லை. தனி ஆளும் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சாம்பார் அண்டா, ஒரே குருமா அண்டாதான். கேட்டதற்கு, சமண உணவு ‘பின்னால் வரும் வண்டியில்’ வருகிறது என்றார் மேற்பார்வையாளர். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை.

பந்தலுக்குப் பின்பக்கம் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பரிமாற வந்த பையன் ஒருவன் அண்டாவிலிருந்து சாம்பாரை ஒரு எவர்சில்வர் வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கையில் ஜல்லிக்கரண்டி. சின்ன வெங்காயம் மேலே மிதக்க மிதக்க அரித்தெடுத்து மீண்டும் அண்டாவில் போட்டான். கேரட் துண்டுகளையும் பொறுக்கினான். வாளி ‘சுத்தமானதும்’ அதன் மேல் ‘சமண உணவு’ என்று அச்சடித்த சீட்டை ஒட்டினான். சீட்டு மட்டும் முன்கூட்டியே தயாராக வந்திருந்தது, பாருங்கள். பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை அது. 35 தட்டுக்குக் கூடுதலாக 5,250 ரூபாய் வாங்கியவருக்கு அந்த வாளிதான் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் எல்லாம்.

வாளியை மேசைக்குப் போகவிடாமல் நிறுத்தினேன். பெண்ணின் தாத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மனிதர் முகம் சுளிக்கவில்லை. “பரவாயில்லை தம்பி, வெளிச்சம் போவதற்குள் பழம் இருந்தால் கொடுங்கள், போதும்” என்றார். தோப்பில் இளநீர் இறக்கினோம். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி வாழைப்பழம் வாங்கிவந்தோம். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் 35 பேர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இளநீரும் பழமும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

இதற்கிடையில் தோசைப் பக்கம் இதைவிட மோசமான ஒன்று நடந்தது. அக்கா மகனுக்குத் தோசையும் தேங்காய்ச் சட்னியும் போதும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தோம். சட்னியில் என்ன இருக்கிறது என்று அக்கா அங்கேயே நின்று கேட்டிருக்கிறாள். “தேங்காய்தான் அக்கா” என்று பதில் வந்திருக்கிறது. தேங்காய் விலை ஏறினால் மொத்தச் சமையலில் சட்னிக்குப் பொட்டுக்கடலையும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்து அரைத்து அளவைக் கூட்டுவது வழக்கம். சொன்னால் குற்றமில்லை, சொல்லவில்லை. பாதித் தோசைக்குள் பிள்ளைக்கு உதடு தடித்துவிட்டது, கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு, இருமல். அக்கா முதலுதவி மருந்தைக் கொடுத்ததும் காரில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடினோம். அட்ரினலின் ஊசி போட்டார்கள். அடங்கியதுபோல் தெரிந்த ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும் என்று இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்தார்கள். பிள்ளை இப்போது நலம்.

இன்னொன்றும் உண்டு. அந்த நிறுவனத்தின் விளம்பரத்திலேயே ‘எல்லாம் மரச்செக்குக் கடலை எண்ணெயில்’ என்று பெருமையாகப் போட்டிருந்தது. நம் ஊரில் அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் ஏறக்குறைய நீங்கிவிடும் கடலைப் புரதம் செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. எங்கள் வீட்டுத் தட்டுகளுக்கு நல்லெண்ணெய் என்று எழுதி அனுப்பியிருந்தேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டைவிரல்.

புனே நண்பர் பிழைத்தது அவருடைய முன்னெச்சரிக்கையால். ரசத்தைத் தட்டில் ஊற்றிக்கொள்வதற்கு முன் நேராகச் சமையல் செய்கிற இடத்துக்கே போய், என்ன பெருங்காயம் என்று கேட்டார். கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலப்பது சாதாரணம். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று சமையலுக்கு வந்திருந்த மாஸ்டர் வயதானவர். டப்பாவை எடுத்து நண்பர் கையிலேயே கொடுத்துவிட்டார். கோதுமை மாவு என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அப்பளம்? பூரி பொரித்த எண்ணெயிலேயே பொரித்தது. கோபி மஞ்சூரியன்? மைதாவும் சோயா சாஸும். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. கடைசியில் அந்த மனிதர் வெள்ளைச் சோறும் தயிருமாகச் சாப்பிட்டார்.

மாஸ்டரிடம் நான் சத்தம் போட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை தம்பி. 180 பேர், தோசை, இடியாப்பம், சாம்பார், குருமா என்று முந்தாநாள் போனில் சொன்னார்கள். நான் அந்தக் கம்பெனி ஆளே இல்லை” என்றார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகூர்த்த நாள் என்பதால் நாங்கள் அமர்த்தியவர் அன்று பல இடங்களில் ஆர்டர் பிடித்திருக்கிறார். சின்ன விருந்தாகிய எங்களுடையதைக் குறைந்த விலைக்கு வேறொரு குழுவுக்குத் தள்ளிவிட்டார். கைமாறியபோது தலைக்கணக்கும் மெனுவும் போய்ச் சேர்ந்தன. யாருக்கு எது கூடாது என்பது போய்ச் சேரவில்லை. ருசி பார்க்க எங்களை அழைத்த அன்று சமைத்தவர் வேறு ஆள்.

ஆகவே காண்ட்ராக்டர் எவ்வளவு தலையாட்டினாலும், அடுப்படியில் நிற்கப்போகிற மாஸ்டர் யார் என்று கேளுங்கள். அவரோடு பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அவரிடமே கேளுங்கள்: உருளைக்கிழங்குக்குப் பதில் என்ன போடுவீர்கள்? விவரம் தெரிந்தவர் யோசிக்காமல் வாழைக்காய் என்பார். பாவ்பாஜியைக்கூட வாழைக்காயில் செய்துவிடலாம். ‘கொஞ்சமாகப் போடலாம்’ என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்டரை வேறு குழுவுக்கு மாற்றக் கூடாது, மாற்றினால் மீதிப் பணம் கிடையாது என்பது ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும். எந்தப் பண்டத்தில் எது சேரக் கூடாது என்பதும் அதே தாளில், மெனுவுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். பரிமாறுவதற்கு முன்பே முழுப் பணமும் வேண்டும் என்று நிற்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்; எங்களிடமும் வண்டி கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் சமையல்காரர் மளிகைப் பட்டியல் எழுதிக் கொடுப்பார், நாம் சாமான் வாங்கிப் போடுவோம், அவருக்குச் சமையல் கூலி மட்டும். அலைச்சல் அதிகம்தான். ஆனால் எந்த எண்ணெய், எந்தப் பெருங்காயம், எத்தனை தேங்காய் என்பது நமக்குத் தெரியும். நூறு இருநூறு பேருக்கான சின்ன விருந்துக்கு அந்த முறை இன்றும் ஒத்துவரும் என்பது என் கருத்து. இல்லையென்றால் மெனுவையே மாற்றிவிடலாம். இடியாப்பம், தேங்காய்ப்பால், பருப்புச் சாதம், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல் என்று வெங்காயம், பூண்டு, கோதுமை, நிலக்கடலை இல்லாத விருந்தே நம் சமையலில் தாராளமாக இருக்கிறது. எல்லோருக்கும் அதையே போட்டால் தனி வாளிக்கும் சீட்டுக்கும் வேலையில்லை.

புகார் விவரம் கேட்பவர்களுக்கு: உணவு வியாபாரம் செய்பவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்க வேண்டும்; 2022 ஜனவரியிலிருந்து அதை ரசீதிலும் போட வேண்டும். எங்கள் ரசீதில் அந்த இடமே இல்லை. அந்தத் துறைக்குத் தனிப் புகார் கொடுத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவமனைப் பில், டப்பாவின் படம், சீட்டு ஒட்டிய வாளியின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் போன பிறகு காண்ட்ராக்டர் ஒருமுறை அழைத்தார். சட்னியில் ‘ஒரு பிடி’ கடலைதான் போட்டார்களாம், வெங்காயத்தை எடுத்தாகிவிட்டதாம், தாமதத்துக்கு டிராஃபிக்தான் காரணமாம். அழைப்பு முடிந்ததும் எழுத்திலும் ஒரு செய்தி அனுப்பினார்: புகாரைத் திரும்பப் பெற்றால் எங்கள் அடுத்த விசேஷத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியாம். அதையும் அச்செடுத்து வழக்குக் கட்டில் சேர்த்துவிட்டேன்.