ஓகஸ்ட் லீவுக்குப் பிள்ளையை முகாமுக்கு விட யோசிக்கிற ஆக்கள், முக்கியமாக வெள்ளவத்தைப் பக்கம், இதை ஒருக்கா வாசியுங்கோ

48,000 ரூபா. பதிவுக் கட்டணம் 8,000, மூன்று கிழமை முகாமுக்கு 35,000, ரீசேர்ட்டுக்கும் சுற்றுலாவுக்கும் 5,000. அவ்வளவும் போச்சு. நேற்று இரவு வட்ஸ்அப் குரூப்பில் இருந்தும் என்னைத் தூக்கிவிட்டார்கள். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இடத்தின் பெயரைப் போடவில்லை. பேஸ்புக்கில் பெயரைப் போட்டால் சட்டத்தரணியிடம் போவோம் என்று அவர்கள் ஏற்கனவே மிரட்டியாச்சு. காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று. வீட்டின் கீழ்த்தளம். வருஷம் முழுக்க டே கெயார், லீவு விட்டால் 'ஹொலிடே காம்ப்'. சுவரில் யானை, முயல், பலூன். அந்த மாதிரி இடம் அங்கே எத்தனையோ இருக்கிறது, எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை.

கேட்கப் போன அன்று, அந்த இடத்தை நடத்துகிற அன்ரி கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, முதலில் கேட்டது "மகள், ஊரில எவடம்?" என்றுதான். இணுவில் என்றேன். "ஐயோ, இணுவிலோ! நாங்களும் அங்கதானே, கந்தசுவாமி கோயிலடி" என்று கையைப் பிடித்துக்கொண்டா. அம்மாவின் பெயரைக் கேட்டா, கேள்விப்பட்ட பெயர் மாதிரி இருக்கு என்றா. மகனுக்கு முட்டு வருத்தம் இருக்கிறது, தூசு பட்டால் இழுக்கும், பம்ப் எப்பவும் கையோடு இருக்க வேணும் என்று நான் சொல்ல, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதினா. எத்தனை தரம் அடிக்க வேணும் என்றும் கேட்டு எழுதினா. அந்தக் கொப்பிதான் என்னை விழுத்தியது. பிள்ளையின் வருத்தத்தை இவ்வளவு கவனமாகக் கேட்டு எழுதுகிற மனுசியில் யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டுக்கு வரும் வழியிலேயே போனில் காசை அனுப்பிவிட்டேன். ரசீது நாளைக்குத் தாறன் என்றா. அந்த நாளை இன்னும் வரவில்லை.

(பிறகு மற்ற அம்மாமாரோடு கதைத்தபோது தெரிந்தது: திருகோணமலை அம்மாவுக்கு அன்ரி திருகோணமலை, பருத்தித்துறை அம்மாவுக்கு அன்ரி பருத்தித்துறை. பம்பலப்பிட்டியில் இருந்து வருகிற முஸ்லிம் அம்மாவிடம் தன் உயிர்ச் சிநேகிதி ஒரு முஸ்லிம் பிள்ளை என்றாவாம். வெட்கம் கெட்டதுகள்.)

நீச்சல், சித்திரம், ஆங்கில நாடகம் என்று அட்டவணை அனுப்பினார்கள். நடந்தது கார்ட்டூன். "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டால் மகன் கார்ட்டூனின் பெயரைத்தான் சொல்வான். முப்பது பிள்ளையளுக்கு மேல், கராஜை அடைத்துக் கட்டிய ஒரு ஹோல், இரண்டு மின்விசிறி. பார்த்துக்கொள்ள ஓ-லெவல் எழுதிவிட்டு நிற்கிற இரண்டு பிள்ளையள். அவையும் பாவம், அவைக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறார்களோ தெரியாது. நீச்சலைப் பற்றிக் கேட்டால் "குளத்தில மருந்து போட்டிருக்கினம், அடுத்த கிழமை" என்று பதில்.

அடுத்தது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைப் பயணம். அதற்குத்தான் காசு தனியாக வாங்கினார்கள். நான் கோட்டையில் வேலையில் இருக்கிறேன், பிள்ளையை வழமையாக ஏற்றி இறக்குகிற ஆட்டோ அண்ணா போன் எடுக்கிறார். "மிஸ், உங்கட மகன் ரெயில் ரோட்டடியில நிக்கிறான், கனக்கப் பிள்ளையள், பெரியாக்கள் ஒருத்தரையும் காணேல்ல." பஸ் வரவில்லையாம். அதனால் அந்த இரண்டு பெட்டையளோடும் பிள்ளையளை மரைன் டிரைவைக் கடத்தி, தண்டவாளத்தையும் கடத்திக் கடல் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் கடலுக்குப் போவதென்றால் ரெயில் பாதையைத் தாண்டாமல் போக முடியாது என்பது அங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையள்! மகனின் பம்ப்? பையோடு அலுமாரிக்குள். அந்தப் பெட்டையளிடம் முட்டு வருத்தம் என்று ஒருவரும் சொல்லியே இருக்கவில்லை. கொப்பியில் எழுதியது எழுதினபடி கிடக்கு.

அன்றைக்கே பிள்ளையை நிப்பாட்டிவிட்டு மிச்சக் காசைக் கேட்டேன். அன்ரி சொன்னது: "பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லத்தானே, ஏன் மகள் பதறுறீங்கள்?" எனக்கு வந்த கோபத்தில் கதைக்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை. மாசக் கடைசியில பாப்பம். கணக்குப் பார்க்கிற தம்பி ஊருக்குப் போயிட்டார். பிறகு அவவின் மனுசன் போனை எடுத்து "ரசீது இருக்கோ?" என்கிறார். தராத ரசீதை நான் எங்கே போய் எடுக்கிறது? வங்கி ஸ்லிப்பை அனுப்பினேன். "அது எங்கட கணக்கு இல்லையே" என்றார். அன்ரி வாயால் சொன்ன இலக்கம்தான் அது, யாரோ ஒரு பெடியனின் பெயரில் இருக்கிறது, மருமகனாம். வங்கியில் கேட்டால், கணக்குக்காரர் சம்மதித்தால்தான் காசைத் திருப்பலாம் என்கிறார்கள். கடைசியாக வந்த சலுகை என்ன தெரியுமோ? டிசம்பர் லீவு முகாமில் கழித்து விடுகிறார்களாம். திரும்பவும் அங்கேயே பிள்ளையை விட வேணுமாம்! அவர்களின் பக்கத்தில் நான் போட்ட கொமெண்ட் பத்து நிமிஷமும் நிற்கவில்லை.

48,000 என்பது எனக்குச் சின்னக் காசில்லை. ஓவர்டைம் செய்து சேர்த்தது.

எப்படி நல்ல இடம் தெரிவு செய்வது என்று விளக்கமாக எழுதத்தான் தொடங்கினேன், கை நடுங்குது, ஆகவே சுருக்கமாக. நிலையத்தின் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு சதமும் போடாதேங்கோ. ரசீது கையில் வந்த பிறகு காசு. வியாபாரப் பதிவைக் காட்டச் சொல்லுங்கோ, மழுப்பினால் எழும்பி வாருங்கோ. பிள்ளையைப் பார்க்கப்போகிற ஆளை நேரே கண்டு கதையுங்கோ, வருத்தம், மருந்து எல்லாவற்றையும் அவவுக்கே சொல்லுங்கோ, முதலாளியம்மாவின் கொப்பியை நம்பாதேங்கோ. சொல்லாமல் கொள்ளாமல் பகலில் ஒருக்கா போய் எட்டிப் பாருங்கோ. வெளியே கூட்டிக்கொண்டு போவதென்றால் உங்கள் சம்மதம் எழுத்தில் வேணும் என்று முதலே சொல்லுங்கோ. ஊர்க்கதை கதைத்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கோ, காசை மட்டும் எடுக்காதேங்கோ.

பிள்ளைக்கு ஆபத்தென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. காசுப் பிரச்சினைக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 1977. ஆனால் அங்கே முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேணும், ஆகவே இவர்களின் "மாசக் கடைசி"யை நம்பி இழுபடாதேங்கோ.

இதே இடத்தில் காசு கட்டி ஏமாந்த அம்மா, அப்பாமார் இருந்தால் ஸ்லிப்பையும் வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு இன்பொக்ஸில் வாருங்கோ. திங்கட்கிழமை முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், சேர்ந்தே போவம்.